மீசை மையும் கூரை ஓட்டையும்

இதனால் சகலமானவர்களுக்கும், முக்கியமாக மேலே போய்ச் சேர்ந்துவிட்ட என் அத்தைக்கும், அறிவிப்பது என்னவென்றால்: இன்று மதியம் இரண்டு மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், நம் வீட்டு நடு அறையில் அப்பா சட்டையைக் கழற்றாமல், காற்றாடியைப் போடாமல், ஒன்றரை மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினார். கொசு மூன்று முறை தாக்கியும் எதிர்ப்பு இல்லை.

செய்தி அவ்வளவுதான். கடிதத்துக்குக் காரணம் வேறு. காலையில் அம்மா உங்கள் தகரப் பெட்டியைத் திறந்து சேலைகளைக் கொடியில் உலர்த்தினார். கொடி முழுக்க ரப்பர் புகை வாசம். நீங்கள் தோட்டத்துப் புகைவீட்டில் ரப்பர் ஷீட் தொங்கவிடும் வேலையை விட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்களை விட்டுப் போய் ஏழு மாதம். வாசம் மட்டும் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை.

தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு புக்கிட் பெலிம்பிங் தாமான் குடியிருப்புக்கு நாம் வந்த நாளை நினைத்துக்கொண்டேன். லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே இருக்கும் சந்து வழியாகக் காற்று வரும், கருவாட்டு மணம் வரும், வம்பும் வரும். நம் வீட்டில் அப்பா தும்மினால் நாலாம் வீட்டில் "நூறு" என்பார்கள். புது வீட்டில் அப்படி இல்லை. முழுச் சுவர், தலைக்கு மேல் சீலிங், அதற்கும் மேல் சிமெண்ட் ஷீட் கூரை. வரிசையில் கடைசி வீடு நம்முடையது. அப்பா சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே நம்ம வீட்டுப் பேச்சு நம்ம வீட்டோட!"

அந்தப் பெருமை நாலு வாரம் நீடித்தது. ஒரு காலை அம்மா, "என் கண்மைய எடுத்து மீசைக்குப் பூசாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று சத்தம் போட்டார். அன்று சாயங்காலமே மளிகைக் கடையில் ஒருவர், "அண்ணே, மை தீர்ந்துருச்சாமே, ரெண்டு டப்பா கட்டவா?" என்று கேட்டுவிட்டார். கடையே சிரித்தது. அப்பா வாங்கப் போன சீனியை வாங்காமல் வீடு திரும்பினார்.

பேச்சு எப்படி வெளியே போனது? அப்பா வீட்டைச் சுற்றி வந்து கண்டுபிடித்தார். கூரை இறக்கத்துக்கு அடியில் முன்னாலும் பின்னாலும் வரிசையாகத் துளைகள். பக்கச்சுவரின் உச்சியில், கூரை கூம்பும் இடத்தில், ஓட்டை வைத்த கற்கள். "பாத்தியா! இங்கயும் லயம் மாதிரி சந்து வச்சிருக்கானுங்க!" ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்துத் துளைகளில் பழைய பேப்பரைத் திணித்தார். உச்சிக் கற்களை உள்பக்கம் சாக்கு வைத்து அடைத்தார். நம்மோடு தோட்டத்திலிருந்து வந்த மற்ற வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டு அவரவர் மானத்தை அவரவர் அடைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை, இட்லிக் குண்டானாக இருந்தது. கூரை காய்ந்தது, அதற்கும் சீலிங்குக்கும் நடுவில் இருந்த காற்று போக வழியில்லாமல் கொதித்தது, சூடு எங்கள் தலையில் இறங்கியது. உங்களுக்கு ஏற்கெனவே இழுப்பு. மத்தியானம் முழுக்கப் பின்கட்டில் ஜாம்பு மரத்தடியில் உட்கார்ந்து மூச்சை வாங்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு சனிக்கிழமை அந்தத் தகரப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தீர்கள்.

"தம்பி, நான் தோட்டத்துக்கே போயிடுறேன். லயத்துல இன்னும் இருக்கிற ராக்கம்மா வூட்ல ஒரு மூல இருக்கு."

அப்பாவின் முகம் சுருங்கியது. "எங்கக்காவ வச்சிக் காப்பாத்தத் துப்பில்லன்னு ஊரே பேசணும். அதானே?"

"ஊரு பேசறதையே பாத்துக்கிட்டு இரு. நான் மூச்சு விட வேணாமா லா?"

என் குறும்புக்குச் சிரிக்கவும், சிரித்து முடித்ததும் அடிக்கவும் அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. நீங்கள் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி என் கையில் கொடுத்து, சீலிங்கில் இருந்த சதுரக் கதவைத் திறந்து உள்ளே நீட்டச் சொன்னீர்கள். புகை கொஞ்சம் ஏறி, பள்ளிக்கூட மணி அடிக்கக் காத்திருக்கும் பையன் மாதிரி, எங்கும் போகாமல் நின்றது.

"பாத்தியா தம்பி? புகைவீட்ல கீழ காத்து நுழையணும், மேல கதவு தொறக்கணும். மேல கதவ மூடிட்டா ஷீட்டு வேர்த்துப் பூசணம் பூத்துரும். இங்க நாமதான் ஷீட்டு."

அப்பா அசையவில்லை. "தொறந்தா மறுபடியும் பேச்சு வெளிய போவும்."

"பேச்சு அது வழியாப் போவல."

"பின்ன எது வழியாப் போச்சு?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "என் வாய் வழியா. காய்கறி லோரிகிட்ட நாலு பேரு நின்னாங்க. மீசக் கதய நான்தான் சொன்னேன். சிரிப்பு வந்துச்சு, சொல்லிட்டேன். போதுமா? இப்பத் தொற."

அப்பா உங்களை ஒரு பார்வை பார்த்தார். "அக்கான்னு பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியைக் கொண்டுவந்து என்னிடம் தள்ளினார்.

இனி வருவது என் வீரப்பிரதாபம். நீங்கள் கீழேயிருந்து பார்த்ததுதான். இடுப்பு நிமிர முடியாத அந்த இருட்டில் பல்லி மாதிரி ஊர்ந்தேன். "கட்ட மேல கால வை! பலகையில வச்சா நேரா சாமி மேடையில வந்து விழுவ, நானும் கும்பிட வேண்டியிருக்கும்!" என்று நீங்கள் கத்தினீர்கள். சாக்கைப் பிடுங்கினேன். துளைகளில் இருந்த பேப்பரை ஒவ்வொன்றாக உருவினேன். வௌவால் நுழையாமல் கம்பி வலை அடித்தேன். இறங்கியபோது என்னைப் பார்த்து அம்மாவே யார் என்று கேட்டார். மறுபடி ஊதுபத்தி நீட்டினோம். புகை ஒரு நொடி யோசித்தது. பிறகு உச்சிக் கற்களைப் பார்த்து, வீட்டுக்காரன் மாதிரி வளைந்து நடந்தது. நீங்கள் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினீர்கள்.

ஒரே நாளில் வீடு குளிர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த வார முடிவில் நீங்கள் மத்தியானத்தில் வீட்டுக்குள் படுத்தீர்கள். அதன்பின் ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தீர்கள். அது எங்கள் கூரைக்குக் கிடைத்த பரிசு.

பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும் உங்கள் மருமகன் இன்று சாதாரண ஆள் இல்லை. இதே வரிசையில் ஆறு வீட்டுக் கூரையைத் திறந்துவிட்டேன். 'கூரை டாக்டர்' என்கிறார்கள். காற்று கீழ் வழியாக வரணும், மேல் வழியாகப் போகணும் என்று ஊதுபத்தியோடு விளக்கம் சொல்கிறேன். புகைவீட்டில் கற்றவர் என் அத்தை என்று பெருமையாகவும் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்வதில்லை. மை சண்டை நடந்த அந்தக் காலை பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடத்தில், அப்பா கண்ணாடி முன் நின்று மீசைக்கு மை பூசுவதையும், அம்மா கத்துவதையும் அப்படியே நடித்துக் காட்டியவன் நான். இருபது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருவன் மளிகைக் கடைக்காரர் மகன். நான் திறந்த ஓட்டை எல்லாம் என்னால் அடைபட்டவை. உங்களை மூச்சு முட்ட வைத்ததே நான்தான், அத்தை. உங்களுக்கு அது தெரிந்திருந்தது. காய்கறி லோரிக்கு நீங்கள் அன்று போகவே இல்லையே.

அந்தப் பழிக்காக அப்பா எட்டு நாள் உங்களோடு பேசவில்லை. அந்த எட்டு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றும் விருந்தாளி யாராவது வந்தால் அப்பா, "எங்கக்கா நல்லவங்கதான், வாய்தான் கொஞ்சம் நீளம்" என்கிறார். நான் தலையாட்டிக்கொண்டு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன்.