கட்டின் அடியிலிருந்து ஒரு பெட்ஷீட்

கெலிஓயா
ஞாயிறு காலை

அன்பு மகள் ஷஹ்மாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம், உம்மாவின் முழங்கால் மட்டும் மழை விழுந்தால் முறைப்பாடு சொல்கிறது. நீயும் மருமகன் ரிஸ்கானும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் கையேந்துகிறோம். ஃபோன் இருக்கும்போது வாப்பாவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். ஃபோனில் நான் ஒன்று கேட்குமுன்னே நீ எல்லாம் நல்லம் வாப்பா என்று சொல்லி உம்மாவிடம் தாவிவிடுகிறாய், கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட ஏலாது. அக்குறணை முனாஸ் மெல்பர்னில் இருக்கும் தன் மகனைப் பார்க்க வருகிறான், அவன் கையில் இதையும் ஒரு பொதியையும் கொடுத்துவிடுகிறேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன் மகள். பெருநாளைக்குப் பிறகு ரிஸ்கானுக்கு வேலை இல்லையாம், வீட்டை விட்டுவிட்டு ஒரு அறைக்கு மாறிவிட்டீர்களாம், நீ எங்கோ இரண்டு ஷிஃப்ட் நிற்கிறாயாம், மெலிந்தும் போய்விட்டாயாம். முனாஸின் மகன் தகப்பனிடம் சொல்லி, தகப்பன் என்னிடம் சொன்னான். இது உண்மையா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் சும்மா கேட்டால் நீ மறுபடியும் எல்லாம் நல்லம் என்பாய், அது எனக்குத் தெரியும். ஆகையால் முதலில் நான் இந்த வருஷம் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு உன்னிடம் கேட்கிறேன், அதுதான் நியாயம்.

கடையின் பின் அறை ஞாபகமிருக்கும், துணிக்கட்டு மேல் ஏறியிருந்து நீ பாடம் படித்த இடம். அது இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டெண்டர் ஒபிஸ், உம்மா வைத்த பெயர். கிராமம் கிராமமாகத் துணிப்பொதி தூக்கித் திரிந்த காலத்தில் நான் பழகிய சிங்களம், போர்ம் எல்லாம் சிங்களத்தில் என்பதால், இந்த வயசில்தான் முழுசாக உதவுகிறது. நம்ம பக்கத்துச் சின்ன வியாபாரிகள் அரசாங்கத்துக்குச் சாமான் கொடுப்பது பெரிய கொம்பனிகளின் வேலை என்று நினைத்து, டெண்டர் விளம்பரம் வந்த பேப்பரிலேயே சீனி சுற்றிக் கொடுக்கிறவர்கள். ஆஸ்பத்திரிக்குப் பெட்ஷீட் வேண்டும், ஸ்கூலுக்கு விளக்குமாறு வேண்டும், கூட்டம் வைத்தால் சாப்பாட்டுப் பார்சல் வேண்டும், யாரோ விற்கத்தானே வேண்டும், நாங்கள் விற்றால் என்ன. வியாபாரப் பதிவை எடு, வருஷம் பிறக்குமுன் சப்ளையர் பட்டியலில் பெயரைப் போடு, போர்மில் ஒரு இடத்தையும் வெறுமையாக விடாதே, ஒவ்வொரு தாளிலும் சீல் அடி, டெண்டர் பெட்டி மூடும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் வீட்டுக்குத் திரும்பிப் போ, இவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுப்பது. கூலி ஒன்றும் வாங்குவதில்லை, ஒரு பிளேன்டீ கொண்டுவந்தால் குடிப்பேன். முனாஸும் வந்தான். ஸ்கூல்களுக்கு வாளியும் விளக்குமாறும் கொடுக்க விலை போட்டான். அவனுடைய கடைப் பழக்கம் உனக்குத் தெரியுமே, நூறு சொல்லி எண்பதுக்கு இறங்குகிற ஆள், அதேபோலப் பேரத்துக்கு இடம் வைத்துப் போட்டிருக்கிறான். பெட்டியைத் திறந்து எல்லாருடைய விலையையும் வாசித்தபோது தன்னுடையது உச்சத்தில் நிற்கிறது என்று கண்டதும் எழும்பி நின்று, மாத்தயா அது சும்மா சொன்ன விலை, உங்களுக்கென்றால் இன்னும் பார்த்துப் போடலாம் என்றானாம். கிளார்க் பிள்ளை பேனையை வைத்துவிட்டுச் சிரித்ததாம். மடையா, அங்கே ஒரு தரம்தான் வாய் திறக்கலாம் என்று நான் ஏசியதற்கு, ஜுனைதீன் நானா, நாற்பது வருஷம் பழகின வாய், ஒரு கவருக்குள்ள எப்படி அடங்கும் என்கிறான். நானும் ஒரு கிழமை, ஏழு நாளும், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சிரித்த எனக்கு என் பழக்கம் தெரியவில்லை.

கைரியாவை நீ மறந்திருக்க மாட்டாய், உம்மாவின் தூரத்துச் சொந்தம், மாப்பிள்ளை மௌத்தாகி விதவையான பிறகு முன்னறையில் ஆறு மெஷின் போட்டுத் தையல் நடத்துகிறவள். கடைகளுக்குத் தைத்துக்கொடுத்துக் கைக்கும் வாய்க்கும் சரியாய்ப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று அறுநூறு பெட்ஷீட் கேட்டபோது நான்தான் அவளைப் பிடித்துத் தள்ளினேன். எனக்கு பயமா ஈக்கி நானா, என்ட பேர்ல ஏதாவது வந்தா என்றாள். நான் இருக்கிறேன் என்றேன். போர்ம் நான் நிரப்பினேன், விலை நான் போட்டேன், அவர்கள் எழுத்தில் கேட்டிருந்த சாதாரணத் துணிக்குச் சரியான விலை. கூடவே இரண்டு பெட்ஷீட் மாதிரிக்குக் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. அங்கேதான் மகள் என் கை சும்மா இருக்கவில்லை. கடை அலுமாரியில் ஏற்றுமதிக் கொம்பனியிலிருந்து வந்த கனமான துணி கொஞ்சம் மிச்சம் இருந்தது, பால் போல வெள்ளை, அதை எடுத்துக் கொடுத்தேன். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் அழகம்மாதான் அங்கே கை சுத்தமான தையல்காரி, அவளை வைத்து ஓரம் இரட்டைத் தையல் போடச் சொன்னேன். அவள் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, மத்ததுக்கும் இதே துணிதானுங்களா மொதலாளி என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். நல்ல மடிப்பை மேலே வைத்துத்தான் நான் கடை வளர்த்தேன், எந்தக் கடையில் மேல் மடிப்பும் அடி மடிப்பும் ஒன்றாக இருக்கிறது. மாதிரியை ஆஸ்பத்திரியில் பொதி கட்டி அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். டெண்டர் கைரியாவுக்கே கிடைத்தது. முன்னறையில் சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி வீதிக்கே கொடுத்தாள்.

முதல் இருநூறைக் கொண்டுபோன அன்று நானும் லொறியில் போனேன். ஸ்டோர்கீப்பர் பண்டார மாத்தயா நல்ல மனுஷன், எங்களுக்குக் கதிரை போட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து அந்த முத்திரைப் பொதியை எடுத்தார். அதை நான் அதற்குப் பிறகு நினைத்தே பார்க்கவில்லை மகள், மாதிரி என்றால் காட்டிவிட்டு மறக்கிற சாமான் என்றுதான் என் புத்தி. அவர் அரக்கை உடைத்து மாதிரியை விரித்து, எங்கள் பெட்ஷீட் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் பக்கத்தில் வைத்தார். கை வைத்துப் பார்க்கவும் தேவைப்படவில்லை, வாசலில் நின்றே வித்தியாசம் தெரிந்தது. மேட்ரன் நோனாவைக் கூப்பிட்டார், அவவும் இரண்டும் வேறுதான் என்று தலையாட்டினா. நான் என் வாயிலிருந்த எல்லா வியாபாரத்தையும் எடுத்து வைத்தேன், எழுத்தில் கேட்ட துணி இதுதான், விலைக்கு ஏற்ற சரக்கு, கழுவினால் இரண்டும் ஒன்றுதான். அவர் கோபப்படவில்லை. முதலாளி, மாதிரிக்கு வந்த இந்தப் பெட்ஷீட்டை நான் தேர்ந்தெடுக்கவில்லை, நீங்கள்தான் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தீர்கள், நான் முத்திரை மட்டும்தான் வைத்தேன் என்றார். இருநூறையும் திரும்ப ஏற்றினோம். கைரியா லொறியில் கட்டுகளை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். குறித்த நாளில் சரியான சரக்கு கொடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை வெட்டுவார்கள், பிறகு எந்த அரசாங்க ஒபிஸும் அவளை எடுக்காது. வெட்டுப்படுவது என் பெயர் அல்ல, அவள் பெயர்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மக்காவுக்குப் போய் உம்ரா செய்ய என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த பணத்தை எடுத்தால்தான் அறுநூறுக்கும் அந்தக் கனத்துணி வாங்கலாம். உம்மா தானாகச் சொன்னா, கஃபா அடுத்த வருஷமும் அங்கதான் ஈக்கும், கைரியாட பேர் ஈக்காது, எழும்பிப் போங்க என்று. கொழும்புக்குப் போய்த் துணி எடுத்து வந்தேன். ஆறு பெண்களுக்கும் முன்னால் நின்று பிழை என்னுடையது என்று சொன்னேன், அது பணம் கொடுத்ததை விடக் கஷ்டம். அழகம்மா ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, நான் அன்னைக்கே கேட்டேனுங்களே மொதலாளி, சிரிச்சீங்க, இப்ப நாங்க சிரிக்கவா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், கைரியாவும் அன்றைக்குத்தான் சிரித்தாள். இன்னொன்றையும் உடனே செய்தேன், அவகாசம் கேட்டு எழுதினேன். நாள் கடந்த பிறகு போய்க் காரணம் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், நாளுக்கு முன்னே உள்ளதை உள்ளபடி எழுதிக் கேட்டால் அங்கேயும் மனுஷர்தான் இருக்கிறார்கள். மூன்று கிழமை தந்தார்கள். போன செவ்வாய் அறுநூறையும் ஏற்றிக்கொண்டு போனோம். பண்டார மாத்தயா மேல் கட்டைத் தொடவே இல்லை. குனிந்து, ஆக அடியிலிருந்த கட்டுக்குள் கையை விட்டு நடுவிலிருந்து ஒன்றை இழுத்தார். விரித்தார், தடவினார், ஓரத் தையலை எண்ணினார். கைரியா என் ஷர்ட் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கே தெரியாது. பிறகு அவர் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். அவள் அந்தத் துணிக்கட்டு மேலேயே உட்கார்ந்து அழுதாள். மேட்ரன் நோனா தண்ணீர் கொடுத்து, அடுத்த வருஷமும் விலை போடுங்கள் என்று சொல்லி அனுப்பினா. இந்தத் தடவை லாபம் ஒன்றும் இல்லை, கைரியாவின் பெயர் பட்டியலில் இருக்கிறது, எனக்கு அது போதும்.

இனி உன் விஷயம். நீ அனுப்பும் போட்டோக்கள் எல்லாம் என் ஃபோனில் இருக்கின்றன, பெருநாள் உடுப்பு, பூங்கா, நீ செய்த கேக், கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டவன் நான். உம்மாதான் இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே சொன்னா, அவ எப்பவும் ஒரே சுவருக்கு முன்னால நின்டுதான் கதைக்கிறா, ஃபோன மேசையில வெச்சு அறையக் காட்டுறதேயில்ல என்று. பெண்களுக்கு எல்லாம் சந்தேகம் என்று நான் அதற்கும் சிரித்தேன். உன்னில் எனக்குக் கோபம் இல்லை மகள். நல்லதை மேலே வைக்க நீ எங்கே பழகினாய், என் கடையில்தானே வளர்ந்தாய். ஒவ்வொரு கிழமையும் அந்தப் போட்டோவுக்குச் சரியாக ஒரு வாழ்க்கையைக் காட்டவேண்டி வந்து உனக்கு எவ்வளவு களைப்பாக இருக்கும் என்று முனாஸ் சொன்னதும், லொறியில் திரும்பி வந்த அந்த நாளை நினைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. ரிஸ்கானைக் குறை சொல்லாதே, வேலை போவது ஆம்பிளையின் குற்றம் அல்ல, நானும் இரண்டு தரம் கடை மூடித் திறந்தவன். அங்கே நின்று சமாளிக்க உதவி வேண்டுமென்றால் எவ்வளவு என்று எழுது, வெட்கப்படாதே. திரும்பி வர நினைத்தால் மேல் அறை உங்களுக்குத்தான், வந்தவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டார்கள், வீதியில் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எதுவாக இருந்தாலும் நாள் கடக்குமுன் எழுது.

பொதியில் உம்மா இடித்த மிளகாய்த்தூளும் மாசிக் கருவாடும் இருக்கின்றன, இரண்டு பெட்ஷீட்டும் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குத் தைத்த நல்லதில் மிஞ்சியதை அனுப்பச் சொல்லி உம்மா சண்டை பிடித்தா, நான் விடவில்லை. அன்று திரும்பி வந்த கட்டின் அடியிலிருந்து கைக்கு அகப்பட்டதைத்தான் எடுத்தேன், மெல்லிய துணிதான், கழுவக் கழுவ மெதுவாக வரும், உழைத்துவிட்டு வந்து படுக்க அது போதும். முதல் தரம் குளிர்த் தண்ணீரில் தனியாக அலசு. முனாஸ் மூன்று கிழமைதான் அங்கே நிற்பான், அவன் புறப்படுமுன் பதிலை அவன் கையில் கொடுத்துவிடு, மறந்துவிடாதே. அல்லாஹ் உங்கள் இருவருடைய பிழைப்பையும் விசாலமாக்கி, உடம்புக்கு ஆரோக்கியத்தையும் மனசுக்கு ஆறுதலையும் தரட்டும், ஆமீன். பதில் எழுதும்போது நல்ல நாளாகத் தேடி எடுக்காதே மகள், அடியில் கையை விட்டு எந்த நாள் வருகிறதோ அதை எழுது. எப்படி இருந்தாலும் வாப்பா திருப்பி அனுப்பமாட்டேன்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
வாப்பா
ஜுனைதீன்