அப்பாவின் ஆரூடமும் என் முடியும்

மார்ச் 14, இரவு

அடுத்த வாரம் கிரிக்கெட் சீசன் தொடங்குகிறது. ஐந்து வருடமாக அப்பா கப் நமக்குத்தான் என்கிறார். ஐந்து வருடமும் நம் டீம் முதல் சுற்றோடு வெளியேறியது. சிக்ஸர் அடிப்பவனை மட்டும் பார்த்து ஆரூடம் சொல்கிற மனிதர்.

இன்று பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் எல்லோரிடமும், "இந்தத் தடவை கப் அடிச்சா எம்மக வேளாங்கண்ணில மொட்டை போடுவா. மாதாட்ட நேந்துட்டேன்" என்றார்.

"உங்க முடிய நேர வேண்டியதுதான?" என்றேன்.

"எனக்கு எங்கன இருக்கு?" என்று வழுக்கையைத் தடவிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாவோ, "நேந்தா நேந்ததுதான்டி" என்றாள்.

இப்போது போர்வைக்குள் டீம் பட்டியலை மூன்றாம் முறை படித்துவிட்டேன். இந்த வருடம் பந்துவீச்சும் நன்றாக இருக்கிறது. பயமாக இருக்கிறது. எனக்கும் அதுதான் டீம். ஆனாலும் மாதாவே, அப்பாவை இந்த வருடமும் முட்டாளாகவே வைத்தருளும்.