சும்மா இருந்த பிறகுதான் நிற்கிறது

உன் சி.ஆர். கொப்பி, அந்தத் தடித்த அட்டைக் குறிப்புப் புத்தகம், என் மேசையில் விரிந்து கிடக்கிறது. போன ஞாயிறு, நீ இறந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது, உன் மனைவி அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார். "வேலை விஷயம் மாதிரிக் கிடக்கு அண்ணா. உங்கட பேரும் ரெண்டு மூண்டு இடத்தில இருக்கு. உங்களுக்குத்தான் விளங்கும்" என்றார். முதல் பக்கத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரும்வரை அதை மடியில் மூடி வைத்துக்கொண்டு, பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தேன்.

"காலை 10.20. தேநீர் நேரத்துக்குப் பிறகு. படம் திறக்கவில்லை. பகல் 1.05. சாப்பாட்டுக்குப் பிறகு. திறக்கவில்லை. செவ்வாய் முழுக்க நல்ல சனம். ஒரு தரமும் நிற்கவில்லை." உன் சரிந்த கையெழுத்தில் இப்படியே பதினொரு பக்கங்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு எங்கள் கொம்பனியைச் சொன்னவனே நீதான். "என்னோட ரியூஷன் படிச்சவன், நல்லாச் செய்வான்" என்று மேலிடத்தில் பேசி எங்களை உள்ளே எடுத்தாய். நீ அங்கே நெற்வேர்க் பொறுப்பு. நான் எழுதியது, ஸ்கேன் படங்களை நடுவிலுள்ள சேர்வரிலிருந்து எடுத்து டொக்டர்மாரின் கொம்பியூட்டர்களில் திறந்து காட்டும் புரோகிராம். முதல் மாதமே கரைச்சல் தொடங்கியது. இடைக்கிடை படம் திறக்காமல் திரை அப்படியே உறைந்து நிற்கும். ஸ்கேன் பகுதித் தாதி சிங்களத்தில் உன்னைக் கூப்பிடுவாள்: "அய்யே, ஆயெத் ஹிர வுணா." மறுபடி இறுகிவிட்டதாம். நீ ஓடுவாய். கேபிளைக் கழற்றி மாட்டுவாய், கொம்பியூட்டரை நிறுத்திப் போடுவாய், சரிவரும்.

ஒருநாள் கன்ரீனில் இந்தக் கொப்பியை விரித்து வைத்தாய். "மச்சான், வேலை கூடின நேரம் இது நிக்கிறேல்ல. கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகுதான் நிக்குது. கேபிள் பழுதெண்டா வேலை கூடேக்கை எல்லோ நிக்க வேணும்? உன்ர புரோகிராமை ஒருக்காப் பார்."

நான் கொப்பியைப் பார்க்கவேயில்லை. பிளேன்ரீயைக் குடித்து முடித்துவிட்டு, "உன்ர வயரிங்கை முதல்ல பார்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நீயும் சிரித்தாய். அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்குத் தனியாகப் போய், ஸ்கேன் அறையிலிருந்து சேர்வர் வரைக்கும் கேபிள் முழுவதையும் புதிதாக இழுத்திருக்கிறாய். அதுவும் கொப்பியில் இருக்கிறது.

பிறகு அந்தப் பிள்ளையின் விஷயம். மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்ட நாலு வயதுப் பெண்பிள்ளை. ஸ்கேன் எடுத்தாயிற்று, டொக்டரின் திரையில் படம் வரவில்லை. கால் மணித்தியாலம். தாய் நடைபாதையில் நின்று குழறிய சத்தம் தனக்கு இன்னும் கேட்கிறது என்று நீ பிறகு சொன்னாய். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டொக்டர் விடவில்லை, மீற்றிங் வைத்தார்கள்.

நிர்வாகி என்னைப் பார்த்து, "உங்கட பக்கத்தில் ஏதாவது பிழை இருக்குமா?" என்று கேட்டார். நீயும் என்னைத்தான் பார்த்தாய். கொப்பி உன் கையில் இருந்தது. நான் சொன்னேன்: "மற்ற இடங்களில் எங்கள் புரோகிராம் ஒழுங்காக வேலை செய்கிறது." அது பொய்யில்லை. பொய்யில்லாத ஒரு வசனத்தைத் தேடி எடுத்துச் சொன்னேன் என்பதுதான் இப்போது உடம்பைக் கூச வைக்கிறது. நீ கொப்பியை விரிக்காமலே கீழே வைத்தாய். உன் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. கடைகளுக்குக் கமரா பூட்டும் வேலைக்குப் போனாய்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு இடத்திலிருந்து அதே முறைப்பாடு வந்தது. அப்போதுதான் நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். ஒரு படத்தைத் திறந்துவிட்டு, சாப்பிடப் போய்த் திரும்பி வந்து அடுத்ததைத் திறந்தேன். நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காமலிருந்தால் சேர்வர் இணைப்பை மூடிவிடும். அது அதன் முறை. மூடியதை அறிந்து புதிதாக இணைய வேண்டியது என் புரோகிராம். நான் அதை எழுதவில்லை. செத்துப்போன இணைப்பில் கேள்வியை அனுப்பிவிட்டு, வராத பதிலுக்காக அது காத்துக்கொண்டே இருந்தது. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் புதிதாகத் திறந்து, கேட்டதை மறுபடி கேட்கும்படி எழுதினேன். இருபது வரிகூட இல்லை. எல்லா இடங்களுக்கும் அனுப்பினேன். கூடச் சென்ற குறிப்பில் "சிறு திருத்தங்கள்" என்று போட்டேன்.

அன்றே உனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம்.

அடுத்த வருடம் உங்கள் கோவில் திருநாளில் சனத்துக்குள் என்னைக் கண்டு நீயே ஓடி வந்தாய். வெயிலில் கறுத்திருந்தாய். "இப்ப ஆஸ்பத்திரியில அது நிக்கிறேல்லையாமே? என்ன பிழை மச்சான்?" என்றாய். கோபமில்லாமல், உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுக் கேட்டாய்.

"புது வேர்ஷன் போட்ட பிறகு தானாச் சரிவந்திட்டுது. என்னத்தால எண்டு தெரியேல்ல."

"அப்ப வயரிங்காயும் இருந்திருக்கலாம், என்ன?"

"இருக்கலாம்" என்றேன்.

அந்த நாளுக்குப் பிறகு நீ எழுதிய பக்கங்களை இந்தக் கிழமைதான் பார்த்தேன். அந்தக் கட்டடத்தின் வயரிங்கை ஞாபகத்திலிருந்தே கீறி, எங்கே பிழைவிட்டிருப்பாய் என்று ஐந்து இடங்களில் வட்டம் போட்டிருக்கிறாய். கடைசி வட்டத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. மாரடைப்பு உன்னைக் கொண்டுபோகும்வரை, அந்தப் பிள்ளையைக் காத்திருக்க வைத்தது உன் கைதான் என்று நினைத்திருந்தாயா?

நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குப் போய் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதியையும் கொடுத்தேன். பிழை எங்களுடையது, அதை முதலில் கண்டுபிடித்தவன் நீ என்று அதில் எழுதியிருக்கிறேன். அவர் அதை வாசித்து, மடித்து, உன் படத்தடியில் வைத்தார்.

"இதை அவருக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்" என்றார். பிறகு, "எத்தனை தரம் நித்திரையில எழும்பி அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதைச்சவர் தெரியுமா?" என்றார்.

தேத்தண்ணி தந்தார். குடித்தேன். எழும்பி, "போயிட்டு வாறன்" என்றேன். வாசல் வரை வந்தார். வழமைபோல "போயிட்டு வாங்கோ" என்று அவர் சொல்லவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

படியிறங்கும்போது எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்த "சரி"யோடுதான் வீட்டுக்கு வந்தேன், மச்சான். இனி எங்கே போனாலும் அதோடுதான்.