வெள்ளிக்கிழமை வந்த அழைப்பு

பினாங்கு,
தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள்.

என் செல்ல மகள் தாட்சாயினிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த மான்செஸ்டர் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் ஒட்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, கனமான காலுறை போட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் வீடியோவில், சொந்தமாக ஒரு சிம் வாங்கு என்று நான் நச்சரித்தபோது நீ ஒன்று கேட்டாய், ஏம்மா ஒரு சிம் கார்டுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டம், பத்மா அத்தைதான் அவங்க ஃபேமிலி பிளான்ல எனக்கு ஒரு லைன் சும்மா தந்திருக்காங்களே, டேட்டா குறையவே இல்லையே என்று. நான் பதில் சொல்லாமல் கேமராவைத் திருப்பிப் பூனையைக் காட்டினேன். அந்தப் பதில்தான் இது, தாமதமாக வருகிறது. வாட்ஸ்அப்பில் எழுதாமல் ஏன் காகிதம் என்று சிரிக்காதே. அத்தையின் பிளானில் இருப்பதால் உன் மெசேஜை அவள் படித்துவிட முடியாது என்று எனக்குத் தெரியும், நானும் கல்லூரியில் டிப்ளமா வாங்கியவள்தான். இருந்தாலும் அந்த லைன் வழியாக இந்த விஷயம் போக எனக்கு மனம் இல்லை. பத்து காவான் ஊரில் என்னோடு வேலை செய்யும் சுஹானா வியாழக்கிழமை மான்செஸ்டருக்கு மகனைப் பார்க்க வருகிறாள், அவள் கையில் நெத்திலி சம்பல் போத்தலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். சம்பலைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. அத்தைக்குச் சனிக்கிழமைதான் விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறது. லண்டனில் இறங்கியதும் உனக்கு போன் வரும், உன் அம்மா என் நேர்த்திக்கடனைக் கெடுத்துப் பழி வாங்கிவிட்டாள் என்று. பழி வாங்கியது உண்மை, நான் மறுக்கவில்லை. என்ன பழி, எதற்கு என்பதை மட்டும் என்னிடமிருந்து தெரிந்துகொள். நீ அவளை அத்தை, அவங்க என்றே சொல், உனக்கு அந்த மரியாதை இருக்கட்டும். எனக்கு இனி கை வராது.

அத்தை வீட்டு ஹாலில் அவள் மகள் தர்ஷிகா வயதுக்கு வந்தபோது செய்த சாமத்தியச் சடங்குப் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருக்குமே, பார்த்திருப்பாய். அதில் பச்சைப் பட்டுக் கட்டி, ஆலாத்தித் தட்டோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பவள் நான். அந்தச் சிரிப்பைச் சிரிக்கும்போது என் அப்பா, உன் பக்கிரிசாமித் தாத்தா, இறந்து மூன்றாம் நாள். எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது, நீ பத்து மாதக் குழந்தை. உன் அப்பா ஆறு மாதக் கோர்ஸுக்கு லண்டன் போனபோது நாம் மூன்று பேரும் அந்த வீட்டு மாடி அறையில்தான் இருந்தோம். என் மலேசிய நம்பர் அங்கே வேலை செய்யவில்லை. தெருமுனைக் கடையில் சிம் கார்டு அட்டை அட்டையாகத் தொங்கும், பால் வாங்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஒன்று எடுத்துக்கொள்கிறேன் மச்சாள் என்று கேட்டதற்கு அவள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "ஏன் பிள்ளை வீண் செலவு, வீட்டில போன் இருக்குத்தானே." வீட்டு போன் அவள் படுக்கையறையில் இருந்தது. வெளிநாட்டுக்கு அழைக்க ஒரு ரகசிய எண் வேண்டும், அதை அவள் மட்டும்தான் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குப் பத்து நிமிடம் திறந்துவிடுவாள். சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி மகளைப் படிக்க வைத்தவரிடம் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று அவளுக்கு எண்ணம் போல. வெள்ளிக்கிழமை காலையில் தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. என் கூடப் பிறந்த யுகேந்திரன் மாமா உடனே போன் கார்டு வாங்கிக் கடைத்தெருப் பொதுத் தொலைபேசியிலிருந்து லண்டனுக்கு அழைத்திருக்கிறார். அத்தை எடுத்து, "துளசி குளிக்கிறாள், வந்ததும் சொல்றன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தர்ஷிகாவுக்குச் சடங்கு, முந்நூறு பேர் வருகிறார்கள், மண்டபம் பேசியாகிவிட்டது. சாவுச் சேதி தெரிந்தால் எனக்கும் உன் அப்பாவுக்கும் தீட்டு, உன் அப்பா வீட்டு இலங்கைத் தமிழில் துடக்கு என்பார்கள். துடக்குக்காரர்களை வீட்டில் வைத்துக்கொண்டு மங்கல காரியம் செய்ய முடியாது. அதனால் என் அப்பாவின் சாவைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு எனக்குப் பூச்சூட்டி, தட்டைக் கையில் கொடுத்து, சிரி பிள்ளை, படம் எடுக்கினம் என்றாள். கடைசி விருந்தாளியும் போன பிறகு இரவு வந்து, இப்பதான் போன் வந்தது என்றாள். நான் மாமாவை அழைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, நேத்தே எடுத்தாச்சு, நீ ஏன் ஒரு போன்கூடப் பண்ணல என்பதுதான். வெள்ளிக்கிழமையே அழைத்தேன் என்று அவர் சாமி மேல் சத்தியம் செய்தார். துக்கத்தில அந்தத் தம்பிக்கு நாள் கிழமை தெரியேல்லை, ஞாயிறுதான் எடுத்தவர் என்று அவள் சாதித்தாள். பொதுத் தொலைபேசிக்கு எங்கே போய் அத்தாட்சி தேடுவது? உன் அப்பா தன் அக்காவை நம்பினார். மாமா அன்றோடு நம் வீட்டு வாசல்படி ஏறுவதை விட்டார். ரம்புத்தான் பழுக்கும் காலத்தில் கேட்டுக்கு வெளியே நின்று பையை நீட்டிவிட்டுப் போவாரே, உள்ளே வாங்க மாமா என்று நீ எத்தனை தடவை கையைப் பிடித்து இழுத்திருப்பாய், அதற்குக் காரணம் இதுதான். பதினெட்டு வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த அழைப்பு வெள்ளிக்கிழமை வந்தது என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும், அதை உன் அப்பா தன் காதால் கேட்க வேண்டும்.

இந்த வருஷம் அவளே வந்தாள். தர்ஷிகாவுக்குக் கல்யாணம் பொருந்தினால் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்திருந்தாளாம், பொருந்திவிட்டது. விமான நிலையத்திலேயே சிம் எடுத்துவிடலாம் அக்கா என்றார் அப்பா. வெளியில மலிவாக் கிடைக்கும் என்றாள். மறுநாள் சூலியா தெருவில் அலாவுதீன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், காசு மாற்றும் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, உன் போன் கண்ணாடியை மாற்றினோமே, அதே கடை. பயணிகளுக்கான சிம் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கேட்டார். நான் ஏன் என்ர பாஸ்போர்ட்டை ரோட்டுக் கடையில காட்ட வேணும் என்று கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பதியாம சிம் குடுக்க முடியாதுலா அக்கா, சட்டம் அப்படி. பயமா இருந்தா துளசி அக்கா ஐசில போட்டுத் தரேன், அஞ்சு நிமிஷம்" என்று அவர் என் அடையாள அட்டைக்காக என்னைப் பார்த்தார். நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. "ஏன் மச்சாள் வீண் செலவு, வீட்டுல வைஃபை இருக்குதானே, வெளிய போனா என் போன்ல ஹாட்ஸ்பாட் இருக்கு" என்றேன். அவள் சொன்ன அதே வார்த்தை. சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தேன், எங்கேயாவது ஒரு நரம்பு துடிக்கிறதா என்று. அதுவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். அவளுக்கு நினைவே இல்லை. எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. அதன் பிறகு ஒன்பது நாள், கொம்தார் கட்டடத்திலும் கடற்கரையிலும் சாப்பாட்டுக் கடையிலும், துளசி கொஞ்சம் திறந்துவிடன், தர்ஷிகா புடவைப் படம் அனுப்பியிருப்பாள் என்று அவள் என்னிடம் கேட்க வேண்டியிருந்தது. நான் மெதுவாகப் பையைத் திறந்து, மெதுவாகப் போனை எடுத்து, பத்து நிமிடம் திறந்துவிட்டு, பேட்டரி போயிடும் மச்சாள் என்று மூடிவிடுவேன். எனக்கு நன்றாக இருந்தது. வெட்கப்படவும் இல்லை.

பூசத்தன்று காலை ஆறரை மணி. மஞ்சள் சேலையும் தலையில் பால்குடமுமாக அவள், அவள் செருப்பையும் குடையையும் தூக்கிக்கொண்டு அப்பா, பின்னால் நான். தண்ணீர்ப் பந்தல் அருகே என் போன் அதிர்ந்தது. அத்தை மகன் சஞ்சீவ் செய்தி அனுப்பியிருந்தான். மாமி, அம்மாவைப் பிடிக்க முடியவில்லை, அம்பிகைபாகன் பெரியப்பா சற்று முன் காலமாகிவிட்டார், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று. அவள் புருஷனின் கூடப் பிறந்த அண்ணன், முழுத் துடக்கு. சேதி காதில் விழுந்தால் அவள் கோயில் படியில் கால் வைக்கக் கூடாது. உன்னிடம் மறைக்க மாட்டேன், என் முதல் நினைப்பு ஏறட்டும் என்பதுதான். ஏறட்டும், துடக்கோடு போய்ப் பாலை ஊற்றட்டும், இறங்கி வந்து இளைப்பாறும்போது இப்பதான் மெசேஜ் வந்தது என்று நானும் சொல்கிறேன். அந்த முகத்தைக்கூட மனதில் பார்த்துவிட்டேன். பந்தலிலிருந்து அடிவாரம் வரைக்கும் அந்த இனிப்போடுதான் நடந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை சொல்லிவிடுங்கள் என்று என்னை நம்பி எழுதியிருக்கிறான். யுகேந்திரன் மாமாவும் அவளிடம் அதைத்தானே சொல்லியிருப்பார்? நானும் மறைத்துவிட்டால் அவளும் நானும் ஒன்றாகிவிடுவோம், பிறகு அவளைக் கேட்க எனக்கு வாய் இருக்காது. அந்த வாயை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. முதல் படியில் அவள் கால் வைக்கப் போகும்போது முன்னால் போய் நின்று, மேளச் சத்தத்துக்கு மேல், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படியாகச் சொன்னேன். மெதுவாகவும் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் உரக்கச் சொன்னேன்.

அவள் முதலில் கேட்டது எப்படி இறந்தார் என்றல்ல. "இதை ஏன் இப்ப சொன்னனீ? இறங்கின பிறகு சொல்லியிருக்கலாம்தானே?" என்றாள். செத்தவங்க சேதிய எப்படி மச்சாள் வாய்க்குள்ள வச்சிக்கறது என்றேன். அவளுக்குப் பசி, மூன்று வார விரதம், தலையில் பாரம், கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏன், நான் வைச்சிருக்கேல்லையா? உன்ர கொப்பர் செத்ததை வெள்ளிக்கிழமையில இருந்து ஞாயிறு வரைக்கும் நான் வைச்சிருந்தனான்தானே, நீ என்ன செத்தா போனனீ?" என்று கத்தினாள். அப்பா கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். வெள்ளிக்கிழமையாக்கா, என்றார். அவ்வளவுதான் கேட்டார். யாரோ ஒரு அம்மா பாவம் என்று குடத்தை இறக்க உதவினாள், பாலைச் சாலையோர மரத்தடியில் ஊற்றினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் நான் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, சஞ்சீவோடு பேசுங்க மச்சாள், எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க என்று போனை அவள் மடியில் வைத்தேன்.

அன்றே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அலாவுதீன் போன் செய்து, அக்கா, உங்க மச்சாள் வந்தாங்க, நான் கேக்கறதுக்கு முன்னயே பாஸ்போர்ட்ட விரிச்சு வச்சுட்டாங்க என்று சிரித்தார். அந்தப் புது நம்பரிலிருந்து முதல் அழைப்பு எனக்குத்தான். நீ வேணுமெண்டுதான் என்னைச் சிம் எடுக்க விடேல்லை என்றாள். ஆமாம் மச்சாள் என்றேன். போனை வைத்துவிட்டாள். மறுநாள் அப்பா தானாகவே காரை எடுத்து, வா என்று என்னை சுங்கை பாக்காப்புக்குக் கூட்டிப் போனார். மாமா லாரி கழுவிக்கொண்டிருந்தார். அப்பா கிட்டே போய், மச்சான், நீங்க வெள்ளிக்கிழமைதான் கூப்பிட்டீங்க, நான்தான் நம்பல என்றார். மாமா குழாயை மூடவில்லை, தண்ணீர் அப்பாவின் காலணி மேல் ஓடிக்கொண்டே இருந்தது. "இதச் சொல்லப் பதினெட்டு வருஷமாலா?" என்றார். பிறகு உள்ளே போய் மூன்று தம்ளரில் மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். நம் வீட்டுக்கு வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் நானும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறேன். இத்தனை வருஷம் என்னைவிட அக்காவை நம்பியவர், கொஞ்ச நாள் காயட்டும். நீ குறுக்கே வந்து சமாதானம் பேசாதே. அத்தையை மன்னிக்கச் சொல்லியும் எழுதாதே, என்னால் ஆகாது.

இப்போது நீ செய்ய வேண்டியது. நாளைக்கே கடைக்குப் போய் உன் பெயரில் ஒரு சிம் வாங்கு, அங்கே பாஸ்போர்ட்கூடக் கேட்பதில்லை என்று நீயே சொன்னாய். அத்தையின் லைனை நன்றி சொல்லி மரியாதையாகத் திருப்பிக் கொடு. ஈஸ்டர் விடுமுறைக்குத் தோழிகளோடு பாரிஸ் போவதாகச் சொன்னாயே, எந்த ஊரில் இறங்கினாலும் அந்த ஊர் சிம்மோ, உன் சொந்த டேட்டாவோ, கையில் இருக்க வேண்டும், ஒருத்தி ஹாட்ஸ்பாட் திறப்பாள் என்று காத்திருக்காதே. அம்பிகைபாகன் பெரியவரின் இறுதிச் சடங்குக்குக் கட்டாயம் போ, லண்டனில் என்னைத் தோட்டத்துப் பிள்ளை என்று பார்க்காதவர் அவர் ஒருவர்தான். அப்படியே ஹாலில் இருக்கும் அந்தப் படத்தை அம்மா கழற்றச் சொன்னாள் என்று அத்தையிடமே சொல். அவள் கையால் கழற்றட்டும். உன் புது நம்பரை அவள் கேட்டால் கொடு, ஒளிக்காதே. இங்கே நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும், நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாலும் சரி, மணவறையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, அந்த நிமிடமே உனக்கு அழைப்பு வரும். நான் எதையும் ஒரு மணி நேரம்கூட வைத்துக்கொள்ள மாட்டேன். நீயும் எனக்கு அப்படியே இரு.

தண்ணீர்மலை முருகன் உன்னைக் கண்போலக் காக்கட்டும். படிப்பு நன்றாக வரட்டும். சம்பலைக் குளிர்பெட்டியில் வை. புது நம்பரிலிருந்து முதல் அழைப்பு எனக்கு வேண்டாம், யுகேந்திரன் மாமாவுக்குப் பண்ணு. வெள்ளிக்கிழமை பண்ணு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா துளசி