எங்க களைக்குது?

இன்று காலை அறையைத் திறந்ததும் ஸ்பிரிட் மணமும் பூட்டிக் கிடந்த புழுக்கமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. யன்னலைத் திறந்துவிட்டுத் திரும்புவதற்குள் முதல் ஆள் வந்து கதிரையில் இருந்துவிட்டார். "களைக்குது மிஸ்ஸி" என்றார். அடுத்த மூச்சில் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "டொக்டர் இல்லையோ?" என்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலோடுதான் உமக்கு எழுதுகிறேன்.

ஒன்றாகப் படித்து, உதவி மருத்துவ அதிகாரிகளாக இந்தச் சின்ன வைத்தியசாலைக்கு ஒன்றாகவே வந்தோம். வருத்தம் என்னவென்று கண்டுபிடித்து மருந்து எழுதுவது நாம். ஆனால் சனத்துக்கு நாம் மிஸ்ஸி, தாதி. மேலிடத்துக்கோ ஒப்புக்கு இருத்திவைத்த ஆட்கள். எங்கள் படிப்புக்குப் புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். நான் இதைச் சொல்லிக் கொதித்தால் நீர் சிரிப்பீர். "என்னெண்டாலும் கூப்பிடட்டும். வருத்தத்தைச் சரியாச் சொன்னால் காணும்." அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதும் பிடிக்காது.

பயிற்சிக்கு வரும் தாதிப் பிள்ளைகளை நீர் பக்கத்திலேயே இருத்திக்கொள்வீர். ஸ்கந்தபுரத்தில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் களைக்குது என்று சொல்ல, ஒரு பிள்ளை உடம்பு அசதி என்று எழுதினாள். நீர் அவளை ஏசவில்லை. அவரிடம் திரும்பி, "எங்க களைக்குது அண்ணை? காலிலயோ, நெஞ்சிலயோ?" என்று கேட்டீர்.

"நெஞ்சுக்கதான் பிள்ளை. வரம்பில ரெண்டடி வைக்க மூச்சு முட்டுது. நிண்டு நிண்டுதான் வாறன்."

உடனே அம்புலன்சில் கிளிநொச்சிக்கு ஏற்றிவிட்டீர். பிறகு அந்தப் பிள்ளையிடம் சொன்னீர்: "எங்கட சனத்துக்கு வேலை செய்து அலுத்தாலும் களைக்கும், மூச்சு வாங்கினாலும் களைக்கும். ரெண்டுக்கும் ஒரு சொல்லுத்தான். நீங்கதான் பிரிச்சுக் கேக்கவேணும்."

இவ்வளவும் தெரிந்த நீர் எனக்கு என்ன செய்தீர்?

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முதலுதவிக் கொட்டிலில் இருவருக்கும் கடமை. முல்லைத்தீவுக் கரையில் பிறந்த, மாதாவைக் கும்பிடும் வேதக்காரி நீர். அம்மன் கோயில் மணலில் என்னைவிட உமக்குத்தான் ஓட்டம் அதிகம். மயங்கி விழுந்த ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு வந்து கிடத்திவிட்டு மர வாங்கில் இருந்தீர். மூச்சு மேலும் கீழும் இழுத்தது. உம்முடைய கேள்வியையே உம்மிடம் கேட்டேன்: "உமக்கு எங்க களைக்குது?"

"காலிலதானப்பா. இந்த மணலுக்க ஆருக்குக் களைக்காது?"

நம்பிவிட்டேன். நீர் சொன்னால் நம்பாமல் வேறு யார் சொன்னால் நம்புவது?

அந்த ஆவணிக்குள் போய்விட்டீர். செத்த வீட்டில் உமது தங்கை சொன்னாள்: "அக்கா மாசக்கணக்கா மூண்டு தலகணி வைச்சுத்தான் படுத்தவா. நீட்டி நிமிந்து படுத்தால் மூச்சு எடுக்கேலாது. லீவு எடுங்கோ எண்டால், நான் வீட்டில நிண்டால் அறையைப் பூட்டிப்போடுவாங்கள், பிறகு திறக்கமாட்டாங்கள் எண்டவா."

இருதயம் சோர்ந்துபோனவர்கள்தான் அப்படித் தலகணியை அடுக்கிப் படுப்பார்கள். பிள்ளைகளுக்கு அதைப் படிப்பித்ததும் நீர்தான். அழுகையைவிட எனக்குக் கோபம்தான் முந்தியது. இன்னும் ஆறவில்லை.

நீர் சொன்னது போலவே உமது அறையைப் பூட்டினார்கள். இப்போது அங்கே சேலைன் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. உமக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. இரண்டு வரிசையையும் நானே பார்த்தேன்.

போன மாதம் மருந்து அறையிலிருந்து களைத்துப்போய் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். "மிஸ், உங்களுக்கு எங்க களைக்குது?"

நான்தான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. 'காலில' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"நெஞ்சில" என்றேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தேன். என் அறையையும் பூட்டினார்கள். சனம் பஸ் ஏறி அலைகிறதே என்று அங்கே கிடந்தும் குமுறினேன். இன்று மருந்தும் கையுமாக வந்து, பூட்டின் திறப்பை வாங்கி, நானே கதவைத் திறந்தேன். அவ்வளவுதான் விஷயம். நீரும் வந்து திறந்திருக்கலாம்.

டொக்டரைத் தேடிய அந்த முதல் ஆளிடம் கேட்டேன். "எங்க களைக்குது அண்ணை?"

"காலிலதான் மிஸ்ஸி."

முன்பென்றால் அதோடு விட்டிருப்பேன். இப்போது உமது கேள்விக்குப் பின்னால் இன்னொன்றையும் வைத்திருக்கிறேன். அது நீர் எனக்குச் சொல்லாமல் மறைத்ததில் படித்தது.

"சரி அண்ணை. இரவில எத்தினை தலகணி வைச்சுப் படுக்கிறியள்?"