சித்தியிடம் கேட்ட கேள்வி

அன்புச் செல்லத்துக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால்கூட இப்போது சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகமில்லாதது என் வயிறு ஒன்றுதான், அது எரிகிறது. மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை, உன் சித்தியைப் பார்த்து எரிகிற எரிச்சல், வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் முன்னால் அவள் நம் கர்ட்டன் கடைக்கு வந்தாள். வந்தவள் நாற்காலியில் உட்காரமாட்டாளா, துணி வெட்டுகிற மேஜைமேல் ஏறி உட்கார்ந்தாள். நான் ஒரு கர்ட்டனுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன், வாயில் நாலைந்து குண்டூசி. அப்போதுதான் நீ போனில் கூப்பிட்டாய், என்னை இல்லை, அவளை. பெருமை பீற்றிக்கொள்ள அதை ஸ்பீக்கரில் வேறு போட்டாள். கம்பெனியை வாங்கறவங்க இன்னும் ரெண்டு வருஷம் நான் கூடவே இருக்கணும்ங்கறாங்க சித்தி, ஒத்துக்கட்டுமான்னு கேட்டாய். நீ கம்பெனியை விற்கப்போவதே எனக்கு அப்போதுதான் தெரியும்! வாயைத் திறந்தால் ஊசி தொண்டைக்குள் போய்விடும், பெற்றவள் ஊமை மாதிரி நின்றேன். அவள் பாடம் எடுத்தாள். முதல்ல வந்தவங்ககிட்டயே தலையாட்டிடாதே, இன்னொருத்தரையும் பேச வை, ரெண்டு வருஷமெல்லாம் வேணாம், ஒரு வருஷத்துக்குப் பேசு, வேலை செய்யறவங்களுக்கு நீயே நேர்ல சொல்லு, வெளியில கேள்விப்பட்டா மனசு விட்டுப்போயிடும்னு அடுக்கினாள். வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம், பெற்றவள் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொள்ளலாமாம். நாலு கம்பெனி தொடங்கி நாலையும் விற்றவள், சொல்லமாட்டாளா? அத்தனையும் நல்ல யோசனை, அதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அக்கா, உன் கடையை யாரும் வாங்கமாட்டாங்க, எல்லாம் உன் தலையிலயே இருக்கு, நீ இல்லாம ஒரு வாரம் ஓடினாத்தான் அது வியாபாரம்னாள். எனக்குச் சுருக்கென்றது. சரி பார்த்துவிடுவோம் என்று வீம்புக்கு மறுநாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் உள்ளுக்குள் வேறு நினைப்பு. ஜன்னல் அளவெடுக்க நான் யாரையும் விட்டதில்லை, உனக்குத்தான் தெரியுமே, எந்த வீடானாலும் டேப்பைத் தூக்கிக்கொண்டு நானே ஸ்டூலில் ஏறுவேன். அந்த வாரம் பல் டாக்டரின் புது வீட்டு ஆர்டர் வந்திருந்தது. நம் தையல்காரர் திணறிப்போய் அக்கா அக்கான்னு வாசலில் வந்து நிற்பார் என்று காத்திருந்தேன். ஒரு போன்கூட வரவில்லை. பொறுக்கமாட்டாமல் நானே டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், கர்ட்டன் தொங்குகிறது, ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் அழகாக நிற்கிறது, நானும் குனிந்து நிமிர்ந்து பார்த்தேன், ஒரு குறை அகப்படவில்லை. தானே அளவெடுத்து, தானே மாட்டிவிட்டு அங்கேயே நின்ற தையல்காரர் சிரித்துக்கொண்டே, இன்னும் ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்களேன் அக்கான்னார். என் கடைமேலேயே எனக்குப் பொறாமை வந்துவிட்டது, போ! இதைச் சித்தியிடம் உளறி வைக்காதே, ஜெயித்துவிட்டதாகக் குதிப்பாள்.

கடைக்கு நான் வேண்டாம் என்றால் போகட்டும், தாங்கிக்கொள்வேன். உனக்கும் நான் வேண்டாமோ என்பதுதான் அன்றிலிருந்து நெஞ்சைப் போட்டு அரிக்கிறது. உன் சித்திக்கு அறிவு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன்னைப் பெற்றது அவள் இல்லையே.

பேச்சுவார்த்தை, கையெழுத்து என்று அலைவதில் சாப்பாட்டை விட்டுவிடாதே, தூக்கத்தையும் விடாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், விற்றாலும் விற்காவிட்டாலும் என் கண்ணு நன்றாக இருக்கட்டும். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த தடவை இப்படி ஒரு கேள்வி வந்தால் முதலில் என்னைக் கூப்பிடு. எனக்குத் தெரியாது, சித்தியைக் கேள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதை நான் சொல்லித்தான் நீ அவளிடம் போக வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா