தலையை விட்டுக் கண்ணாடியைப் பொத்தியவனுக்கு

என் செல்லத் தம்பிக்கு, என் முட்டாள் தம்பிக்கு,

உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. தாமல் ஏரிக் கால்வாயை மடக்கி வயலாக்கிக்கொண்டவன், நீ நிலம் அளக்க நிறுத்தியிருந்த தியோடலைட் தொலைநோக்கியின் மேல் மணலை வாரி அடித்தான். பிறகு மண்வெட்டியை ஓங்கினான். நீ ஏனடா தலையைப் பொத்திக்கொள்ளவில்லை? கருவியின்மேல் கவிழ்ந்து அதன் கண்ணாடியைப் பொத்தினாயே! மண்டை பிளந்து செத்தாய். கண்ணாடி உடையவில்லை.

அவன் ஜாமீனில் வந்துவிட்டான், தெரியுமா? இன்று காலை கடைத்தெருவில் என் வீட்டுக்காரரை, உன் மாமாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். "உன் மச்சான் மெசினு மண்ணு தின்னுட்டுக் கெடக்குது. கண்ணு போனத வச்சிக்கினு எவன்யா அளப்பான்?"

கேட்டதும் அரிவாளோடு தெருவில் இறங்கினேன். அவன் கழுத்தை அறுத்திருப்பேன், சத்தியமாக. உன் மாமா ஓடிவந்து வெறுங்கையால் அரிவாளைப் பிடுங்கினார். அவர் உள்ளங்கை கிழிந்துவிட்டது.

"நீ ஜெயிலுக்குப் போய்ட்டா கால்வாய அவன் மொத்தமா முழுங்கிடுவான்மா. நாளைக்குத் தம்பியோட கூட்டாளி மிச்சத்த அளக்க வராரு. ரெண்டு பேருக்கும் இருந்தது இந்த ஒரு கருவிதானே? தொடச்சி வை" என்றவர், தறியோரம் கிடந்த பட்டுத் துண்டை நீட்டினார்.

பட்டைவிட மிருதுவானது உண்டென்று இந்த ஊரில் யார் நம்புவார்கள்? எனக்கு முன்பொருநாள் நீ கத்தியதுதான் காதில் விழுந்தது. "தொடாதக்கா! மணல் மேல பட்ட வச்சித் தேச்சாலும் கீறல்தான். மொதல்ல ஊது. வாயால இல்ல, எச்சி பட்டா ஒட்டிக்கும்."

என் கையில் ஒட்டியிருந்த அவர் ரத்தத்தைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். கண்ணாடியைத் தரை பார்க்கச் சாய்த்து, உன் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தேன். மணல் உதிர்ந்தது. அவன் முகம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் பந்தைக் கீழே வைத்தேன். ஆத்திரம் அடங்கும்வரை கருவியைத் தொடவில்லை. பிறகு மென்முடி பிரஷ்ஷால், அழுத்தாமல் தட்டினேன். கடைசியாகத்தான் துவைத்த உன் பழைய வேட்டித் துண்டால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றி எடுத்தேன். பித்தளை விளிம்பில் உன் ரத்தம் காய்ந்திருந்தது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லையடா.

வாசலில் வைத்துப் பார்த்தேன். இந்தப் பழைய கருவியில் எல்லாமே தலைகீழ்தானே; கோபுரம் தலைகீழாக, பொம்மைகளின் மூக்கு வரை தெளிவாகத் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை.

நாளை அளவுக்கம்பு பிடிக்க எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பிடிக்கிறேன். அரிவாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன். அவன் வயல் நடுவில் கம்பை ஊன்றி நிற்பேன். அவன் மண்வெட்டியோடு வரட்டும். உன் கண்ணாடியில் நான் தலைகீழாகத்தான் தெரிவேன், ஆனாலும் அளந்து முடிக்கும்வரை நகர மாட்டேன்.

அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்து வளர்த்த,
உன் அக்கா